இரண்டு வீட்டு விசிறி

மே 6, செவ்வாய்

தீவு முழுக்க விடியலிலிருந்து மழை. ஹேடோ ஜெட்டியில் கிரேன் ஓடவில்லை.

ஸ்டோர் கிளார்க் சிவலிங்கம் போய்விட்டான். மாரடைப்பு. எதிர் குவார்ட்டர்ஸ். நேற்று மாலைகூட என்னோடு கேரம் ஆடினான். மகன் முருகேசன் காலேஜ் லீவுக்கு மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருக்கிறான். வெள்ளிக்கிழமைதான் கரை. கப்பலுக்கு ஒயர்லெஸ்ஸில் சொல்லலாம் என்றார்கள். அவன் அம்மா கமலம் விடவில்லை.

"நடுக்கடல்ல தனியா இருக்கான்ணே. வேணாம். வந்து அப்பா முகத்தைப் பார்க்கட்டும். நீங்களே சொல்லுங்க."

உடல் ஆஸ்பத்திரி குளிரறையில்.

மே 7, புதன்

மழை விட்டது. புழுக்கம்.

எலக்ட்ரிக் வேலைக்கு என்னைத் தேடி ஆஸ்பத்திரி அட்டெண்டர் ஓடி வந்தான். "மிஸ்திரி சாப், பாஹர் கா பங்கா பந்த்!" குளிரறை ஏ.சி.யின் வெளி விசிறி நின்றுபோயிற்று. வெளியே சூட்டைத் தள்ளாவிட்டால் உள்ளே குளிர் ஏது?

கரண்ட் வருகிறது. ஒயர் சரி. பேரிங்கும் இறுகிப் பிடிக்கவில்லை. மோட்டார் உறுமுகிறது, எழும்பவில்லை. குச்சியால் இறக்கையைத் தள்ளினால் ஓடுகிறது. அணைத்துப் போட்டால் மறுபடி உறுமல். அப்போ மோட்டாரை எழுப்பிவிடும் கன்டென்சர்தான் போயிருக்கிறது. பாழாய்ப்போன உப்புக்காற்று.

ஸ்டோரில் இல்லை. "மெயின்லேண்டிலேர்ந்து வரணும்" என்கிறான் சிவலிங்கம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறவன். எப்போ? போடா.

நின்றால் தள்ளிவிட அட்டெண்டரைக் குச்சியோடு உட்கார வைத்திருக்கிறேன். அவன் கண் அசந்தால்?

மே 8, வியாழன்

எங்கள் ஹால் ஃபேனின் கன்டென்சரைக் கழற்றினேன். "இந்தப் புழுக்கத்துலயா?" என்ற மனைவி சரோஜாவே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். கொண்டுபோய் மாட்டினால் மோட்டார் அரைமனதாகச் சுற்றுகிறது. வீட்டு ஃபேனுடையது சின்னது, இன்னொன்று சேர்த்தால்தான் ஆகும்.

கமலம் வீட்டில் துக்கத்துக்கு வந்த பெண்கள் எல்லாம் ஃபேனுக்கு அடியில். எப்படிக் கேட்பது? வாசலிலேயே நின்றேன். குளிரறைச் சேதி அவளுக்கும் எட்டியிருந்தது, அவளே புரிந்துகொண்டாள்.

"அவருக்குத்தானேண்ணே. கழட்டிக்குங்க."

இரண்டும் சேர்ந்ததும் ஓடியது. கையை நீட்டினேன், சுடுகாற்று. அங்கேயே அழுதுவிட்டேன். அட்டெண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான், நல்லவன்.

இரவெல்லாம் தாங்குமா? முருகா.

மே 9, வெள்ளி

ஓடுகிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜெட்டிக்குப் போனேன்.

முருகேசன் மீசை வைத்திருக்கிறான். அப்பாவுக்கு ஒரு குடை வாங்கி வந்திருக்கிறான். "அப்பா வரலையா மாமா? டியூட்டியா?" தலையை ஆட்டித் தொலைத்தேன். கோழை.

காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று பின்வழியாக எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சரோஜா அடுக்களைக்குள் போனவள் வெளியே வரவில்லை. அவன் சட்டையெல்லாம் வியர்வை. எழுந்து சுவிட்சைப் போட்டான், அண்ணாந்து பார்த்தான்.

"ஃபேனுக்கு என்ன மாமா?"

அங்கிருந்துதான் சொல்லத் தொடங்கினேன்.