வராதீங்க என்று எழுதியவள்

பினாங்கு
4-3-1931

பிரியமுள்ள மீனாம்பாளுக்கு,

பஞ்சாட்சரம் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ரப்பர் விலை படுத்துவிட்டதால் தோட்டத்தை மூடிவிட்டார்கள். ஒரு மாதமாக சர்க்கார் கொட்டகையில் இருக்கிறேன். வேளைக்குச் சோறு போடுகிறார்கள். ஆனால் அந்தச் சோற்றைத் தின்கிறவன் ஊருக்குக் கப்பலேறிவிட வேண்டுமாம். என் பெயரையும் எழுதிவிட்டார்கள். சித்திரைப் பிறப்புக்குக் கப்பல். ஆம்பூரில் தோல் பதனிடும் பழைய ஷாப்பில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? விசாரித்து எழுது.

உன்
பஞ்சாட்சரம்

ஆம்பூர்
20-3-1931

என் வீட்டுக்காரருக்கு மீனாம்பாளின் வணக்கம்.

பக்கத்து வீட்டு ஷபீ அஹமது பாய் எழுதித் தருகிறார். வராதீங்க. ஷாப்புகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன. திமிரிப் பக்கத்து ஆட்களெல்லாம் வேலை கேட்டு வாசலிலேயே குந்தியிருக்கிறார்கள். மேஸ்திரியைக் கேட்டேன். "உள்ளூர்க்காரனுக்கே வேலை இல்ல, கப்பல்ல வர்றவனுக்கு இன்னா செய்றது?" என்று போய்விட்டார். இங்கே கஞ்சி ஊற்ற எந்த சர்க்காரும் இல்லை. ஆட்டு ரோமம் பிரித்து நானும் பிள்ளைகளும் அரை வயிறு சாப்பிடுகிறோம். நீங்களும் வந்தால் அதுவும் கால் வயிறாகும். பெயரை அடித்துவிட்டு வேறு தோட்டம் பாருங்கள். கோபப்படாதீங்க.

மீனாம்பாள்

பினாங்கு
10-4-1931

மீனாம்பாளுக்கு,

கோபமில்லை. நீ சொன்னபடி பெயரை அடிக்கச் சொல்லிவிட்டேன். "பொண்டாட்டியே வேணாங்குறாளா?" என்று பெயர் எழுதும் கிராணி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். கப்பல் வேண்டாம் என்றவனுக்குச் சோறும் கிடையாது என்று அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். இனி எழுதிக் கேட்டாலும் சேர்க்க மாட்டார்களாம். மலைமேல் ஒரு தோட்டத்தில் அரைக் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள். காய்ச்சல் ஜாஸ்தி என்று யாரும் போவதில்லை. நான் போகிறேன். விலாசம் தெரிந்ததும் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

பஞ்சாட்சரம்

ஆம்பூர்
9-9-1931

என் வீட்டுக்காரருக்கு,

ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. கொட்டகை விலாசத்துக்குப் போட்ட இரண்டும் திரும்பி வந்துவிட்டன. வேறு விலாசம் தெரியாததால் இதையும் அங்கேயே போடுகிறேன்.

ஷாப்பு திறந்துவிட்டார்கள். சீமையிலிருந்து ஆர்டர் வந்ததாம். மேஸ்திரியே கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரன் எங்க? வரச் சொல்லும்மா" என்றார். அவரிடம் என்ன சொல்வேன்?

கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் பேச்சை ஒரு தரமாவது கேட்டிருக்கிறீங்களா? குடிக்காதீங்க என்றேன், கேட்கவில்லை. கப்பலேறாதீங்க என்று காலைப் பிடித்து அழுதேன், கேட்கவில்லை. வராதீங்க என்றதை மட்டும் ஏன் கேட்டீங்க?

இதை எழுத வேண்டாம் என்கிறார் பாய். எழுதுங்க என்றேன்.

மீனாம்பாள்