அப்பா பெயர் இல்லாத காகிதம்

பெனால், டிரினிடாட்
9 மார்ச் 1958

அன்புள்ள பூல்மத்தி அக்காவுக்கு,

இங்கே நலம். லண்டன் குளிரில் நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். கரும்பு வெட்டு நடப்பதால் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இல்லை. மீதிப் பாதிக்கு என்ன பாடம் நடத்துவது என்பதுதான் என் தொல்லை.

பள்ளிகளுக்கான புதிய வரலாற்றுப் புத்தகத்தின் அச்சுப்படி வந்தது. கொக்கோவுக்கு நான்கு பக்கம், இந்தியர்களுக்கு ஒன்றரை. நம்மவர்களில் பத்தில் ஒன்பது பேர் முறைகேடாகப் பிறந்தவர்களாம், நம் குடும்ப ஒழுக்கம் அவ்வளவுதானாம். எண்ணிக்கையில் எனக்குக் குறையில்லை. பண்டிதர் செய்துவைத்த கல்யாணம் கல்யாணமே அல்ல என்று சட்டம் வைத்திருந்தவர்களும் வெள்ளைக்காரச் சர்க்கார்காரர்களே, பிறகு பொறுமையாக உட்கார்ந்து எண்ணியவர்களும் அவர்களே. இவ்வளவு உழைத்து எடுத்த புள்ளிவிவரம் தப்பாகுமா?

புத்தகக் குழுத் தலைவர் லாசெல்ஸைப் போய்ப் பார்த்தேன். என் பிறப்புச் சான்றிதழை மேசையில் வைத்தேன். அப்பா பெயருக்கான இடம் காலி, ஓரத்தில் 'முறைகேடாகப் பிறந்தவன்' என்ற அந்த வார்த்தை. நம்மை வளர்த்தவர் யாரோ வழிப்போக்கர் போலிருக்கிறது. "ஒரு காகிதத்தை வச்சு வரலாறு எழுத முடியுமா வாத்தியாரே? ஒரு ஊரோட காகிதத்தையே கொண்டாங்க, திருத்தலாம்" என்று சிரித்தார். ஈஸ்டர் வரை நேரம்.

அந்த ஒன்றரைப் பக்கத்துக்குப் பதிலாக வைக்க ஓர் அத்தியாயத்தை எழுதிவிட்டேன். நம் ஊரில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தேதி, பண்டிதர், சாட்சி எல்லாம் உண்டு. ஊராரின் பிறப்புச் சான்றிதழ்கள்தான் போதவில்லை. ஆண்கள் பதினோரு பேர் கொடுத்தார்கள், பெண்களில் ஒருத்தியும் கொடுக்கவில்லை. மூன்று வீடு தள்ளியிருக்கும் லச்மினி, ரொட்டி உருட்டும் கட்டையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஆம்பளைக்கு என்னய்யா, மீசையை முறுக்கிட்டுப் போயிடலாம். உங்கக்கா காகிதம் எங்க? அவ லண்டன்ல ராணி, நாங்க மட்டும் புத்தகத்துல நிக்கணுமா?" என்றாள். பாதி ஊரோடு போனால் லாசெல்ஸ் மறுபடி சிரிப்பார்.

உன் காகிதம் இங்கே நம் வீட்டோடு எரிந்துவிட்டதாக மாமியாரிடம் சொல்லியிருக்கிறாய். எரியாத அந்த வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன்மேல் கோபமில்லை அக்கா. உன்னை அப்படிச் சொல்ல வைத்தவர்கள்மேல்தான் என் கோபமெல்லாம்.

அம்மாவின் கல்யாணத்தில் முந்நூறு பேர் சோஹாரி இலையில் சாப்பிட்டார்கள். வகிட்டில் சிந்தூரத்தோடுதான் அவளைப் புதைத்தோம். இறப்புச் சான்றிதழில் 'மணமாகாதவள்' என்று இருக்கிறது.

காகிதத்தை அனுப்பு; உன்னுடையது வந்தால் லச்மினியும் மற்றப் பெண்களும் கொடுப்பார்கள். அத்தானிடம் முதலில் நீயே சொல்லிவிடு. அனுப்பாவிட்டால் அந்த ஒன்றரைப் பக்கம் அப்படியே அச்சாகும். அடுத்த வருடம் அதை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டியவன் நான். முதல் பெஞ்சில் லச்மினியின் மகள் உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
முந்நூறு பேர் அறிய மணந்த
ஜக்ரூபுக்கும் சுக்வாரியாவுக்கும் பிறந்த
உன் தம்பி,
கிர்தாரி