அரை மில்லிமீட்டர் மேடு

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் முதலில் செய்தது, கண்ணைத் திறக்காமலே தலைமாட்டு மேசையிலிருந்து புது மாதிரியை எடுத்து முள்ளைத் தடவிப் பார்த்தது. காபிக்கு முன்னால், மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கு முன்னால், மல்லாந்து படுத்தபடியே. தெளிவாகத் தெரிந்தது. அளவுக்கு அதிகமாகவே தெரிந்தது என்று சொல்ல வேண்டும். விரல் நுனியை உறுத்துகிறது.

பார்வையில்லாத தச்சர்களுக்கு ஒரு ரசமட்டம். கேட்பவர்களுக்கு இப்படி ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். குமிழிக்குப் பதில் உள்ளே ஓர் ஊசல். அதன் தலையில் இருக்கும் பித்தளை முள் பெட்டியின் மேல்விளிம்பில் எட்டிப் பார்க்கும். இருபுறமும் அசையாத இரண்டு மேடுகள். முள் அவற்றுக்கு நேராக நின்றால் பலகை மட்டம். தொடுவதற்கு முன்னால் பொத்தானை அமுக்கி ஊசலைப் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பார்க்கிற விரலே முள்ளைத் தள்ளிவிடும். இந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்க எனக்கும் தம்பி டோர்கிரிமுக்கும் ஒரு வருஷம் பிடித்தது.

அவனுக்காகத்தான் இதை ஆரம்பித்தேன். சிறுவயதுச் சர்க்கரை நோய் அவன் கண்ணைக் கொண்டுபோவதற்கு முன் சமையலறை அலமாரிகள் செய்துகொண்டிருந்தான். கண் போன பிறகும் மரத்தை விடவில்லை.

முதல் மாதிரியில் முள்ளும் மேடும் அரை மில்லிமீட்டர் உயரம். "பிரமாதம்" என்றான். அடுத்த மாதிரியிலிருந்துதான், "இன்னும் கொஞ்சம் தூக்கு அக்கா." ஒவ்வொரு முறையும் தூக்கினேன். நவம்பரில் வார்ப்பு அச்சு செய்பவருக்கு வரைபடம் போயாக வேண்டும். அதற்கப்புறம் உயரத்தை மாற்ற முடியாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாலம் தாண்டி சோத்ரா தீவுக்குப் போனேன். டோர்கிரிம் பட்டறையில் இருந்தான். புது மாதிரியை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தான், பிறகு ஆள்காட்டி விரலால், பிறகு உள்ளங்கையால். உள்ளங்கையால் எதற்கு?

"பரவால்ல. ஆனா இன்னும் கொஞ்சம் தூக்கலாம்."

"இதுக்கு மேல தூக்கினா கோட்டைச் சுவர்டா."

"கோட்டையா இருந்தா என்ன, உள்ள நான்தான ராஜா."

அக்டோபரில், ஸ்டைனார் தலைவராக இருக்கும் படகுச் சங்கத்தின் கூட்டுவேலை நாள். இந்த ஊரில் எல்லோரும் சுத்தியலோடு வந்து துறையைப் பழுதுபார்த்துக் குளிர்காலத்துக்குத் தயார் செய்யும் சனிக்கிழமை. கண் போனதிலிருந்து அன்றைக்கு அவனை வாஃபிள் என்னும் குழி குழியான அப்பம் சுடத்தான் உட்கார வைக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அதுதான் அவனுக்கு ஆறவில்லை.

"இந்த வருஷம் துறை முனையில பெஞ்சு போடறது நான்தான். ஸ்டைனார்கிட்ட சொல்லிட்டேன். உன் பெட்டியை வச்சுத்தான் போடப் போறேன். மாவு நாத்தம் போதும் எனக்கு."

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் ஒரே காற்று. சந்தோஷமாக இருந்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

குன்வோர் வந்தார். எழுபதை நெருங்குகிறார், பிறவியிலேயே பார்வையில்லை. முக்காலிகள் செய்து விற்கிறார். என் மாதிரிகளைச் சோதித்துப் பார்ப்பவர்களில் நாக்கு நீளம் அவருக்குத்தான். புது மாதிரியில் விரலை வைத்ததும் எடுத்துவிட்டார்.

"என்ன பொண்ணே இது, முள்ளா, வாசப்படியா? தடுக்கி விழுந்துருவேன் போலிருக்கே."

மேடு பெரிதாக இருந்தால் முள் நேராக நிற்கிறதா, ஒரு துளி தள்ளி நிற்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றார். பழைய மாதிரிகளை வரிசையாகக் கொடுத்தேன். முதல் மாதிரியில் விரலை வைத்துச் சிரித்தார். "இதுதான். இது பேசுது. மத்ததெல்லாம் கத்துது. யார் உன்னைத் தூக்கச் சொன்னது?"

"என் தம்பி."

கோட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தான்களைத் தேடித் தேடி மாட்டி முடித்த பிறகுதான் கேட்டார்: "அவனுக்குச் சக்கரை இருக்குல்ல?"

செப்டம்பர் 24, புதன்

இல்லை. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

பெஞ்சுப் பலகைகளை அவன் இழைத்துக்கொண்டிருந்தான். நான் எதிரே பெட்டிமேல் உட்கார்ந்து காபி குடித்தேன். ஸ்டைனாரின் படகு மூன்று கோடைகளாகத் தண்ணீரில் இறங்காத கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தான். பிறகு பலகையை என் பக்கம் நீட்டினான்: "தடவிப் பாரு. வெண்ணெய் மாதிரி இல்ல?"

பலகை முழுக்க ரத்தம். அவனுடைய இடது நடுவிரல் நுனி ஆழமாகக் கிழிந்திருந்தது. எப்போது கிழிந்ததோ. அவன் பேச்சு ஒரு இடத்திலும் தடைப்படவில்லை. முகம் சுளிக்கவில்லை. தெரிந்திருந்தால்தானே சுளிப்பான். கண் சொல்லவில்லை, விரலும் சொல்லவில்லை.

"என்ன, பேச்சே காணோம்?"

"வெண்ணெய் மாதிரிதான் இருக்கு" என்றேன். என்ன பதில் அது? பிறகு, "கையில ஏதோ கீறியிருக்குடா" என்று, ஒன்றுமில்லாதது போலச் சொன்னேன். அவன் முகம் ஒரு கணம் காலியானது. "ஆமா, அப்பவே தெரியும்" என்றான்.

அப்பவே தெரியும் என்றான்.

கட்டுப்போட்டேன். பலகையை வீட்டுக்கு எடுத்துவந்து தேய்த்துக் கழுவினேன். மரம் ரத்தத்தைக் குடித்துவிடுகிறது. முழுதாகப் போகாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாதிரிகளை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாவதில் மேடு நகக்கீறல் அளவு. கடைசியில் வாசற்படி. ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் கருவியைச் சரிசெய்கிறேன் என்றுதான் நம்பினேன். அவன் விரல்கள் எவ்வளவு தூரம் போய்விட்டன என்பதை அல்லவா அளந்துகொண்டிருந்திருக்கிறேன், என் கையாலேயே.

அக்டோபர் 4, சனி

கூட்டுவேலை நாள். மழை இல்லை, அதுவே அதிசயம்.

சங்கத் தலைவர் ஸ்டைனார் எல்லோர் எதிரிலும் கேட்டார்: "அப்ப இந்த வருஷம் மாவு யாருப்பா கலக்கறது?"

"நீங்களே கலக்குங்க. உங்க படகு மாதிரி ஓட்டை ஓட்டையா வரும், வாஃபிளுக்கு அதான அழகு" என்றான் டோர்கிரிம். துறையே சிரித்தது. அவரும் சிரித்தார். நல்ல மனிதர்.

பெஞ்சின் கால்களை நிறுத்தி, மேற்பலகையை வைத்து, அதன்மேல் என் பெட்டியை வைத்தான். பொத்தானை அமுக்கினான். விரலை வைத்தான். நீண்ட நேரம். விரலை மாற்றினான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"இடது பக்கம் ஒரு துளி தூக்கணும்" என்றான்.

இடது பக்கம் ஏற்கெனவே உயர்ந்திருந்தது. எனக்குத் தெரிந்தது. ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஸ்டைனாருக்கும் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் அசைக்கவில்லை. அவன் சொன்ன பக்கத்திலேயே ஆப்பைச் செருகினார். டோர்கிரிம் திருகுகளை முடுக்கினான். யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள்.

பிறகு வாஃபிள் வந்தது. ஜாமும் பழுப்புச் சீஸும் வைத்த தட்டோடு தன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். மெல்லுவது நின்றது. இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தினான், மறுபக்கம் நகர்த்தினான். விரல் சொல்லாததை உடம்பு சொல்லிவிட்டது.

"சாஞ்சிருக்கு" என்றான், மெதுவாக.

"கடல் காத்துல மரம் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்பா" என்றார் ஸ்டைனார்.

"சாப்பிட உக்கார்றதுக்குள்ளயா?"

பிறகு அவனே குரலை உயர்த்திச் சொன்னான்: "சரி சரி, அடுத்த வருஷம் மாவு என் பொறுப்பு." எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலேயே போனேன். கதவைத் திறந்தவன், நான் வாய் திறப்பதற்கு முன் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"எது?"

"டோர்கிரிம், மழுப்பாத."

"போன குளிர்லேர்ந்து. மொதல்ல கால் விரல். அப்பறம் கை. டாக்டருக்குத் தெரியும். கையுறை போட்டுக்கிட்டுத் தொடற மாதிரி இருக்கு அக்கா. கழட்ட முடியாத கையுறை."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவ." மூக்கைத் தேய்த்தான். "நீ ஒவ்வொரு தடவை தூக்கிக் குடுக்கறப்பவும் கொஞ்ச நாளைக்குத் தெரியும். முள்ளு நல்லாத் தெரியும். அப்பறம் அதுவும் போயிரும். அந்தக் கொஞ்ச நாளுக்காகத்தான்..."

சன்னலோரம், விரலால் தடவிப் படிக்கும் நூலகத்துப் பிரெய்ல் புத்தகம் ஒன்று, மேலட்டையில் தூசியோடு. எத்தனையோ முறை வந்து போயிருக்கிறேன், அந்தத் தூசி என் கண்ணில் படவில்லை. எனக்குக் கண் இருக்கிறது.

"பேசற மட்டம் இருக்கே, போன்ல" என்றேன்.

"இருக்கு. முட்டை வெந்துருச்சுங்கற மாதிரி, 'மட்டம், மட்டம்'னு கத்தும். அது அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது. எனக்குத் தெரியணும்ல?"

நேற்று நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

போன் செய்தான். வானிலை பற்றிப் பேசினோம்.

நவம்பர் 11, செவ்வாய்

வரைபடத்தை அனுப்பிவிட்டேன். அரை மில்லிமீட்டர். குன்வோருக்கும், அவரைப் போல விரல் உள்ள எல்லோருக்கும் உரியது. அனுப்பிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். வேறு யாராவது சொல்லி அவனுக்குத் தெரியக் கூடாது.

"சரிதான் அக்கா. ஒருத்தனுக்காகவா ஒரு சாமான் செய்வாங்க?"

ஒருத்தனுக்காகத்தான் செய்தேன். சொல்லவில்லை.

"அந்த மொத மாதிரி இருக்குல்ல, நகக்கீறல் மாதிரி? அதை எனக்குக் குடுத்துரு."

"உனக்கு அது எதுக்குடா?"

"வேணும்."

ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

டிசம்பர் 14, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு, உப்புக்கண்டம் போட்ட ஆட்டு விலா எலும்பு ஊறவைப்பது பற்றிப் பேச அவன் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் புதிதாக ஒரு சுவர்ப்பலகை மாட்டியிருந்தான். காபிக் கோப்பையை வைத்துப் பார்த்தேன். காபியின் விளிம்பு கோப்பையின் விளிம்போடு நேராக நின்றது. ஸ்டைனார் வந்து உதவியிருப்பார். கேட்கவில்லை. கேட்டால் யார் மாட்டியது என்று அவன் சொல்ல வேண்டியிருக்கும்.

உதடு வெடித்திருந்தது, தோல் உரிந்து. "கடல் காத்து" என்றான். களிம்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 10, சனி

மூன்று நாளாக உறைபனி. இந்தக் கரையில் இப்படிக் குளிர்வது அபூர்வம். மீன் சூப் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் அவன் இல்லை. பட்டறைக் கதவு பாதி திறந்திருந்தது. அங்கே அடுப்பு கிடையாது.

கூப்பிடத்தான் வாயெடுத்தேன்.

வேலைமேசைக்கு மேல் குனிந்திருந்தான். ஒரு பலகை, அதன்மேல் முதல் மாதிரி. பொத்தானை அமுக்கினான். பிறகு முகத்தை இறக்கி, கீழுதட்டை முள்ளின் மேல் வைத்தான். மிக மெதுவாக இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்கு நகர்த்தினான். தூங்குகிற குழந்தைக்கு முத்தம் கொடுப்பவனைப் போல இருந்தது.

நகர்ந்த உதடு நடுவில் நின்றுவிட்டது. எனக்கு உடனே புரிந்தது. இந்த நாட்டில் பிறந்த எவருக்கும் புரியும். பனிக்காலத்தில் இரும்புக் கம்பியில் நாக்கை வைத்து, அது உறைந்து ஒட்டிக்கொள்ள, அழாத பிள்ளை இங்கே யார்? பித்தளை ஒட்டிக்கொண்டது. அவன் இழுக்கவில்லை. அப்படியே குனிந்தபடி, பித்தளை மேல் ஆவி படும்படி வாயால் மூச்சை விட்டுக்கொண்டு காத்திருந்தான். பழகிப்போனவனின் பொறுமை. விடுபட்டதும் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பலகையின் வலது பக்கத்தில் ஓர் ஆப்பைத் தட்டினான். மறுபடி குனிந்தான்.

விரல் போன பிறகு உதட்டுக்கு வந்திருக்கிறான். அடுத்தது எங்கே போவான், எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

ஓசையில்லாமல் பின்வாங்கி, சாலை வரைக்கும் போய், சரளைக் கல்லில் பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்து நடந்து திரும்பி வந்தேன். "சூப் கொண்டாந்திருக்கேன்டா" என்று வெளியிலிருந்தே கத்தினேன். உள்ளே போனபோது பெட்டி சட்டைப்பைக்குப் போய்விட்டிருந்தது. உதட்டில் ஒரு பொட்டு ரத்தம். நான் பார்க்கவில்லை என்பதுபோலச் சூப்பை ஊற்றினேன்.

"சூடா இருக்கு, பாத்து" என்றேன்.

"எனக்குத் தெரியாதா" என்றான்.

திங்கட்கிழமை அச்சு செய்பவரைக் கூப்பிட்டு, பித்தளை வேண்டாம், முள்ளையும் மேடுகளையும் நைலானில் வார்த்துவிடுங்கள் என்று சொல்லப் போகிறேன். முனைகளை இன்னும் உருட்டவும் சொல்வேன். மாதிரி ஒப்புக்கொண்ட பிறகு மாற்றுவதா என்று கோபப்படுவார். காரணம் கேட்பார். குளிர் தேசம், வெளியில் வேலை செய்கிறவர்கள் என்று சொல்வேன். குன்வோர் கேட்டாலும், டோர்கிரிமே கேட்டாலும், அதையேதான் சொல்வேன்.