டாமி நடக்கவேண்டிய முறை

1954 பிப்ரவரி, ஞாயிறு இரவு.

குழந்தை தூங்கிவிட்டாள். மூச்சில் இழுப்பு இல்லை. காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மைதானத்தில் நாய்க் கண்காட்சி. எங்கள் பழைய நாய் டாமியைப் பார்க்கவே இவரோடு போனேன். குழந்தைக்கு நாய்முடி ஆகாது என்று டாக்டர் சொன்னதும் சாஸ்தமங்கலத்துப் பங்கஜம் சேச்சியிடம் கொடுத்துவிட்டோம். அதற்குப் பின் இன்றுதான் பார்த்தேன்.

டாமியைப் போன்ற குட்டைக்கால் டாக்ஸண்டு நாய்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் ஏற்றி, ஜட்ஜ் முதுகைத் தடவிப் பல்லைப் பார்த்தார். டாமி அசையாமல் நின்றான். அடுத்து, புல்லில் நேராக நடந்து காட்டவேண்டும். பாதி வழியில் மூக்கைத் தூக்கியவன், கயிற்றை இழுத்துக்கொண்டு நான் நின்ற பக்கம் திரும்பினான்.

“அய்யோ, இவனுக்கு எந்து பற்றி? என்ன ஆச்சு? வீட்டிலே நல்லா நடந்தானே!” என்று சேச்சி பதறினாள். ஜட்ஜ் இன்னொரு தடவை நடத்தச் சொன்னார்.

“ஒன்னைத்தாண்டி தேடறான். ஒரு தரம் தொட்டாத்தான் என்ன?” என்றார் இவர்.

“ஏன்னா, அந்தக் கையால கொழந்தையைத் தூக்கணுமோன்னோ?”

காற்று என் பக்கமிருந்து அடித்தது. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, வாசனை எட்டாத எதிர்ப்பக்கம் போய் நின்றேன். டாமி நேராக நடந்தான். தலை மட்டும் நான் முதலில் நின்ற இடத்துக்கே திரும்பித் திரும்பிப் போயிற்று. முதல் பரிசு அவனுக்குத்தான். நானும் கை தட்டினேன்.

வந்ததும் குளித்துவிட்டுத்தான் குழந்தையை எடுத்தேன். புடவையை ஊறப்போடுமுன் விளக்கடியில் முந்தானை முழுக்கத் தேடிப்பார்த்தேன். ஒரு முடிகூட இல்லை.