பார்த்திபனுக்கு வைத்த மொய்

செஞ்சி
திங்கட்கிழமை

அன்பு மகள் ஷோபனாவுக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது, அந்த அளவுக்குச் சுகம். நீயும் மாப்பிள்ளை சேரனும் குழந்தை நிலாவும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க கமலக்கன்னியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். வீடியோவில் நிலா காட்டின ரெண்டு பல்லையும் உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தினமும் போனில் பேசுகிற மனுஷன் காகிதத்தில் எழுதுகிறாரே, நைனாவுக்கு என்ன ஆச்சு என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அதோடு இதை ஒருமுறை வாயால் சொல்லிவிட்டேன், இன்னொரு முறை சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

மேற்குக் கொல்லையில் மணிலாக்கொட்டை பிடுங்கி முடித்தோம், காய் சுமாராகத்தான் பிடித்தது, மார்க்கெட் கமிட்டியில் மூட்டையைப் போட்டுவிட்டு வந்தேன். சிவப்புப் பசு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ரேஷனுக்கு நான்தான் போகிறேன். வருகிற ஐப்பசியோடு உன் தம்பி பார்த்திபன் போய் ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு நாள் பார்க்க வேண்டும்.

போன வாரம் நீ சலித்துக்கொண்டாய், இன்னாத்துக்கு நைனா இந்த வயசுல ஞாயித்துக்கிழமை ஆனா பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டுக்கு அலையறீங்க, பழசத் தேடி பஸ்ல இடிபடணுமா, புது கம்ப்யூட்டரே ஆன்லைன்ல போட்டுடறேன், ரெண்டு நாள்ல வாசல்ல எறங்கிடும் என்று. இதே சண்டையைத்தான் நீயும் அவனும் எத்தனை வருஷம் போட்டீர்கள். நீ ஆன்லைன் கட்சி, அவன் சந்தை கட்சி. தண்ணியில கெடக்கற எருமைக்கு வெல பேசற கதைதான் உன் ஆன்லைனு என்பான் அவன். சந்தையில் வாங்கினது நாளைக்கே கெட்டுப்போனால் யாரைப் போய்க் கேட்பாய் என்பாய் நீ. சுமலதாக்கா எங்கப் போயிடும், அடுத்த வாரமும் அங்கதான குந்தினு இருக்கும் என்பான். யார் அந்த சுமலதா என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

நியாயமாகச் சொன்னால் உன் கட்சிதான் ஜெயித்தது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசினவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். பழைய கம்ப்யூட்டர் சாமான் பரப்பியிருந்த இடத்தில் எல்லாம் இப்போது போன் கவரும் இயர்போனும்தான் தொங்குகிறது. மிச்சம் இருக்கிற வியாபாரியும் விலை கேட்டால் நம் மூஞ்சியைப் பார்ப்பதில்லை, போனை எடுத்து ஆன்லைனில் என்ன விலை என்று பார்த்துவிட்டு அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறான். வாங்க வந்தவனும் அதே போனைப் பார்த்துத்தான் பேரம் பேசுகிறான். புதுசு வாங்குகிறவனுக்கு ஆன்லைன்தான் லாபம், கேரண்டி உண்டு, பிடிக்காவிட்டால் வீட்டுக்கே வந்து திருப்பி எடுத்துக்கொண்டும் போகிறான். இவ்வளவும் தெரிந்த கிழவன் ஏன் பஸ் ஏறுகிறான் என்றுதானே கேட்கிறாய். சொல்கிறேன்.

அவன் ரூமில் இருந்த கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். எப்படிக் கெட்டது என்று சொல்லக்கூடாது என அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது நான் சொல்வதையும் அவளிடம் காட்டிக்கொள்ளாதே. அன்றைக்கு அவன் பனமலையில் யாருக்கோ பிரிண்டர் சரிசெய்து கொடுக்கப் போனவன், மழையில் ஏரிக்கரை ரோட்டில் வண்டி சறுக்கி அதோடு முடிந்துபோனான். போகும்போது கம்ப்யூட்டரை ஓடவிட்டுத்தான் போயிருந்தான். அதை நிறுத்த எங்கள் யாருக்கும் கை வரவில்லை. கரண்ட் போய் வந்தாலும் தானாக எழுந்துகொள்கிற மாதிரி அதைச் செய்து வைத்திருந்தான் அல்லவா, அதனால் காரியம் வரைக்கும் அந்த ஃபேன் சத்தம் ரூமிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அம்மா அந்த ரூம் வாசலிலேயே முந்தானையை விரித்துப் படுத்துக் கிடந்தாள். எழுந்து வந்து ஒரு வாய் சாப்பிடு என்றால், சும்மா இருங்க, உள்ள அவன் வேல செய்றாப்பலயே இருக்குது என்பாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைக் கழுவி, தீட்டுக் கழிய மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். செம்பும் மாவிலையுமாக ஒவ்வொரு ரூமாகப் போய்த் தெளித்தது அம்மாதான். சூடாகிறது என்று அவன் எப்போதும் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றியே வைத்திருப்பான், உனக்கே தெரியும். தண்ணீர் உள்ளே தெறித்தது, பட்டென்று ஒரு சத்தம் கேட்டது, கருகல் வாசனை வந்தது, ஃபேன் நின்றுவிட்டது. எம்புள்ள மூச்ச ரெண்டாந்தபா நானே நிறுத்திட்டனே என்று அம்மா செம்பைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை. அன்றிலிருந்து அந்த ரூமுக்குள் அவள் கால் வைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்தார். அவன் சேர்த்து வைத்திருந்த போட்டோ, பாட்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது, மதர்போர்டு மட்டும்தான் கருகிவிட்டது, அந்த மாடல் இப்போது வருவதில்லை, புதுப் பெட்டி வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொள்ளுங்கள், அது சத்தமே போடாது என்றார். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, போட்டோ இன்னாத்துக்கு, அதான் சொவுத்துல மாலையோட தொங்குதே, எனக்கு அந்தச் சத்தம்தான் வோணும் என்றாள். அதற்குத்தான் அந்தப் போர்டு படத்தை உனக்கு அனுப்பி, ஆன்லைனில் கிடைக்குமா என்று கேட்டேன். நீ அனுப்பின லிங்க் எல்லாம் இருக்கிறது என்று காட்டும், அழுத்தினால் தீர்ந்துவிட்டது என்னும். ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருகின போர்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

அங்கே விசாரித்து விசாரித்துத்தான் சுமலதாவைக் கண்டுபிடித்தேன். பூட்டின கடை ஒன்றின் முன்னால் தார்ப்பாய் விரித்துப் பழைய போர்டு, ஒயர், கீபோர்டு என்று பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் சின்ன அத்தை வயசு இருக்கும். போர்டை வாங்கித் திருப்பிப் பார்த்தவள், இது பார்த்தி தம்பிக்கு நான் குடுத்த பீஸாச்சே பெரியவரே, நீங்க அவரு அப்பாவா, மூஞ்சி அப்பிடியே இருக்குது என்றாள். தலையை ஆட்டினேன். உடனே பிடித்துக்கொண்டாள், இன்னா ஆச்சு உங்க புள்ளைக்கு, மாசக்கணக்கா ஆளக் காணோம், போன் போட்டா ஸ்விட்ச் ஆப்னு வருது, அவரும் ஆன்லைனுக்கு மாறிட்டாரா என்று கேட்டாள்.

ஷோபனா, பார்த்திபன் செத்துவிட்டான் என்று அதுவரைக்கும் நான் யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டியே வரவில்லை. உனக்கு உன் மாமன் போன் செய்தான். ஊருக்குக் கூட்டுரோட்டில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர் சொல்லிவிட்டது. கமிட்டியிலும் டீக்கடையிலும் தெரிந்துகொண்டு வந்துதான் எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள். தெரியாத ஒருத்தர் கேட்டு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது அன்றைக்குத்தான். ஆமாம்மா, இப்பல்லாம் அவன் ஆன்லைன்லதான் வாங்கறான் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. அதே மாதிரி இன்னொரு போர்டு ஸ்பேருக்கு வேண்டும் என்று அவனே கேட்டிருந்தானாம், எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல் அவனுக்காகவே எடுத்து வைத்திருந்தாளாம். உங்க கையில குடுக்க மாட்டேன் பெரியவரே, அவரே வரட்டும், அக்கா நான் ஆன்லைன்ல வாங்கறேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு எடுத்துக்கினு போவட்டும் என்று முறைத்துக்கொண்டாள்.

வெறும் பையோடு திரும்பினேன். ஆனால் அடுத்த வாரமும் போனேன், அதற்கு அடுத்த வாரமும் போனேன். போர்டுக்காகத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சுமலதா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு டீ வாங்கிக் கொடுப்பாள், வாய் ஓயாமல் அவனைப் பற்றியே பேசுவாள். அவன் காசு கொடுத்து வாங்குவதே அபூர்வமாம், அவளிடம் கெட்டுக் கிடக்கிற மானிட்டரை எடுத்துப் போய்ச் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக வேறு சாமான் எடுத்துக்கொள்வானாம். மழை வந்தால் தன் தலை நனைய அவள் சாமானுக்குக் குடை பிடிப்பானாம். டீயில் சர்க்கரை போதவில்லை என்று டீக்காரனோடு மல்லுக்கு நிற்பானாம். நம் வீட்டில் உப்பு இல்லாவிட்டாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்த பிள்ளை அவன். அங்கே அவன் உயிரோடு இருந்தான் ஷோபனா. அவள் அவனைத் திட்டுவாள், நான் என் பிள்ளைக்குப் பரிந்துகொண்டு பேசுவேன். வேலை ஜாஸ்தி, ரொம்ப இளைத்துவிட்டான் என்றேன். பெண் பார்க்கிறோம் என்றேன். வந்தவாசிப் பக்கம் ஒரு பெண் அமைந்திருக்கிறது, தை மாசம் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டேன். நாக்கில் நரம்பில்லாதவன் என்று நீ என்னைத் திட்டினாலும் சரி, அன்றைக்குத் திண்டிவனம் வருகிற வரைக்கும் பஸ்ஸில் அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். செஞ்சியில் இறங்கினால் பேனர் கட்டின சவுக்குக் கட்டை இன்னும் நின்றுகொண்டிருந்தது.

நேற்றும் போனேன். சுமலதா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு தட்டை எடுத்து நீட்டினாள். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் பூ, நடுவில் அந்தப் போர்டு. புதுத் துண்டில் சுற்றி, துண்டு முனையில் மஞ்சள் தடவி வைத்திருந்தாள். நான் திட்டினத மனசுல வச்சிக்க வாணாம்னு சொல்லுங்க, இது தம்பி கல்யாணத்துக்கு என் மொய்யி, முன்னாடியே குடுத்துடறேன், பத்திரிகை வைக்க மட்டும் அவரே வரணும் என்றாள். கல்யாணத்துக்கு என்று கொடுக்கிற மொய்யைச் சாவு வீட்டுக்காரன் கை நீட்டி வாங்கலாமா. அந்த மஞ்சளைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சொல்லிவிட்டேன். எம்புள்ள செத்துட்டாம்மா, போன ஐப்பசியிலயே செத்துட்டான் என்று சந்தை நடுவில் நின்று சொன்னேன்.

அவள் தட்டைப் பிடித்தபடியே நின்றாள். சார்ஜர் என்ன விலை என்று பக்கத்தில் ஒருத்தன் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்ப இத்தினி வாரமா நான் யாரத் திட்டிக்கினு இருந்தேன் என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு பூவையும் வெற்றிலையையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, போர்டை என் மஞ்சப்பையில் போட்டாள். நான் வாங்க மாட்டேன் என்றேன். மொய்னு வாயால சொல்லிட்டேன், திருப்பி எடுக்கக்கூடாது, எடுத்துக்கினு போங்க நைனா என்றாள். நேற்றுத்தான் முதல் தடவையாக என்னை நைனா என்று கூப்பிட்டாள். அதற்கப்புறம் உச்சி வெயிலுக்கு முன்னாலேயே தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போர்டு இப்போது பீரோவில் என் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. கடைக்காரரைக் கூப்பிட்டால் ஒரு நாளில் மாட்டிவிடுவார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. அந்தச் சத்தத்தை மறுபடியும் கேட்டால் அம்மா தேறுவாளா, மொத்தமாக உடைந்துபோவாளா, தெரியவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்குப் போக இடமில்லை. வீட்டில் செத்தான், ஊரில் செத்தான், அந்தத் தார்ப்பாய்கிட்ட மட்டும் இருந்தான். அங்கேயும் அவனை நேற்று நானே முடித்துவிட்டேன். அம்மா செம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாளே, அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அவன் சாவுக்கு நீ வரவில்லை என்று நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைத்தாச்சி விமானம் ஏறக்கூடாது என்று தடுத்ததே நான்தான். உன் மாமன் மகன் தூக்கிப் பிடித்த போனில்தான் நீ உன் தம்பியை வழியனுப்பினாய். திதிக்காவது நேரில் வந்துவிடு கண்ணு. அவனுக்கு முதன்முதலில் ஸ்க்ரூ முறுக்கச் சொல்லிக்கொடுத்தவள் நீ, அந்தப் போர்டை நீயே மாட்டு. ஃபேன் ஓடும்போது அம்மாவை ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன், இன்னொரு பக்கத்துக்கு ஆள் வேண்டும்.

குழந்தைக்கு உச்சியில் எண்ணெய் வைக்க மறக்காதே. மாப்பிள்ளையை வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், அந்த ஒன்றைத்தான் இப்போதெல்லாம் சாமியிடம் கேட்கிறேன். மறந்துவிடாதே, புதுக் கம்ப்யூட்டர் எதுவும் ஆன்லைனில் போட்டு அனுப்பாதே, வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். டிக்கெட்டை மட்டும் ஆன்லைனில் போடு.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் நைனா
பாவாடை