பைகால் என்று எழுதியது யார்?

செம்பாக்கம்,
3 ஜூன் 2024

ஜலாலுக்கு,

போதும். முப்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனிமேல் எழுதியே தீருவேன். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் போன வாரம் நான் குழுவைவிட்டு வெளியேறியபோது ஒருவர்கூட "ஏன்?" என்று கேட்கவில்லை, மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்களாம். ஆகவே தபால்.

நம் பழைய குவிஸ்காரர்கள் வட்டத்தின் மலருக்காக நீ போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்தேன். தாம்பரம் வட்டாரக் கல்லூரி குவிஸின் தலைசிறந்த பத்து ஆட்டக்காரர்கள். அதில் நான் ஏழு. கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பார்வை தருகிறவனின் கண்ணுக்கு நான் ஏழாவது வரியில்தான் தெரிந்திருக்கிறேன்.

முதலிடத்துக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். தொலைவில் இருப்பவர்களோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் எனக்கு மேலே, ஆறாம் இடத்தில், பொன்னுரங்கமா? கிரிக்கெட் தவிர வேறு கேள்விக்கு அவன் வாய் திறந்ததே இல்லை. ஐம்பெருங்காப்பியங்கள் எவை என்று ஒருமுறை கேட்டதற்கு, "எந்த வருஷ டீம் சார்?" என்றான்.

அதைவிடப் பெரிய அநியாயம் இரண்டாம் இடம். ஜெயசீலி! நம் அணியில் நீ, நான், அவள். பஸ்ஸர் ஒன்று, அது என் விரலடியில் இருந்தது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதைத் தொட்டதில்லை. துண்டுச் சீட்டில் எதையாவது எழுதி என் பக்கம் தள்ளுவாள், அவ்வளவுதான். அழுத்தியவன் பெயரில்தான் புள்ளி எழுதுவார்கள். பழைய தாள்களை எடுத்துப் பார், எல்லாம் என் பெயர்.

1994 இறுதிச் சுற்றில் நம்மைக் கவிழ்த்தது யார் என்பதையாவது நினைத்துப் பார்த்தாயா? கடைசிக் கேள்வி. "உலகின் மிக ஆழமான ஏரி..." என்று குவிஸ் மாஸ்டர் ஆரம்பித்தார். அவள் சீட்டில் "பைகால்" என்று இருந்தது. நம்பி அழுத்தினேன். தவறு என்றார். மீதிக் கேள்வியை அப்புறம்தான் படித்தார்: "...பைகால் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதற்கு அடுத்த ஆழமான ஏரி எது?" கோப்பை எதிரணிக்குப் போயிற்று. ஆப்பிரிக்காவின் தாங்கானிகா ஏரி எனக்குத் தெரியாதா?

என் மனைவி சுஜி உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

எட்மண்ட்


கூடுவாஞ்சேரி,
8 ஜூன் 2024

அன்பு மச்சானுக்கு ஜலாலின் சலாம்.

இங்கே நானும் பஷீராவும் சுகம். அங்கே உன் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பது தெரிகிறது. பேனா அழுத்தியதில் நான்கு இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. பஷீரா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "என்னங்க இது, சம்பந்தி சண்டை மாதிரி இருக்கு. ஏழாவதுன்னா பாஸ்தானே?" என்றாள்.

தெரிந்தவர் ஒருவர், அழுத்தியவர் ஒருவர் என்றால் புள்ளி யாருக்கு? நான் இரண்டு மாதம் இதே யோசனையாக இருந்தேன், மச்சான். கடைக்கு வந்தவருக்கு அடுத்தவருடைய கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ஒருவர் வராத நாளில் அவருடைய அணி என்ன ஆனது என்று பார்ப்பது. உன் அக்கா கல்யாணத்துக்கு நீ போயிருந்த வாரம் பஸ்ஸரை நான் அழுத்தினேன். இரண்டு போட்டியிலும் ஜெயித்தோம். நான் வராத நாளில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதனால்தான் நான் பட்டியலிலேயே இல்லை. ஜெயசீலிக்கு அம்மை போட்டிருந்த வாரம் நினைவிருக்கிறதா? மூன்று போட்டி, மூன்றிலும் கடைசி. ஒன்றில் நாம் பூஜ்யத்துக்கும் கீழே போனோம். அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாமா என்று யோசிக்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு முதலிடம். மலர்க் குழுவில் விடமாட்டேன் என்கிறார்கள். "ஃபைனல்ல பைகால்னு எழுதிக் குடுத்தவங்கள எப்படி சார் ஃபர்ஸ்ட்ல போடறது?" என்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் நீ சொல்லிச் சொல்லி அது ஊரறிந்த கதையாகிவிட்டது.

பட்டியலை எடுத்துக்கொண்டு பீர்க்கன்கரணைக்கு அவள் வீட்டுக்கே போனேன். டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் படிக்காமலே மடித்துக் கொடுத்தாள். "என் பேரை எடுத்துடு ஜலால். அந்த ஃபைனலுக்கப்புறம் நான் ஒரு குவிஸ்லயும் உட்காரலை, உனக்கே தெரியும். மறுபடியும் என்னை அந்த ஏரியில இறக்காதீங்கப்பா" என்றாள். காபி கொடுத்துத்தான் அனுப்பினாள்.

அன்று நான் மேசையின் அந்தக் கோடியில் இருந்தேன். சீட்டை நான் பார்க்கவில்லை. பார்த்தவன் நீ ஒருவன்தான். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுது.

உன்,
ஜலால்


செம்பாக்கம்,
13 ஜூன் 2024

ஜலாலுக்கு,

உன் முறை அடிப்படையிலேயே தவறு. வராத நாளை வைத்துத்தான் ஒரு மனிதனை மதிப்பிடவேண்டும் என்றால், எங்கள் தெரு லைன்மேன்தான் உலகின் தலைசிறந்த மனிதர். அவர் வராத நாளில் செம்பாக்கமே இருட்டு.

வேகத்துக்கு மதிப்பு இல்லையா? துணிவுக்கு? தெரிந்து வைத்திருப்பது ஒன்று, எல்லோருக்கும் முன்னால் விரலை வைப்பது வேறொன்று. தவறாகப் போனால் அவமானம் அழுத்தியவனுக்குத்தான். சீட்டு எழுதுகிறவர்களுக்கு என்ன போயிற்று?

சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். முப்பது வருடத்துக்கு முந்தைய துண்டுத்தாளில் என்ன இருந்தது என்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? இதை சுஜியிடம் சொன்னேன். "நீங்கதாங்க! 'மூணே எழுத்து, எமனா வந்துச்சு'ன்னு வாராவாரம் சொல்வீங்களே" என்றாள். இந்த வீட்டிலும் எனக்கு ஓட்டு இல்லை.

எட்மண்ட்


கூடுவாஞ்சேரி,
18 ஜூன் 2024

அன்பு மச்சானுக்கு,

மலர் 29ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. ஜெயசீலி கேட்டபடி அவள் பெயரை எடுத்துவிட்டேன். அவளுக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஒரு படி ஏறுகிறார்கள். நீ ஆறு. பொன்னுரங்கம் ஐந்து. உனக்கு வாழ்த்து.

இன்னொன்று. போன கடிதத்தில் லைன்மேன் வரைக்கும் எழுதிய நீ, "அவள் பைகால் என்றுதான் எழுதினாள்" என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லை. உனக்குத்தான் தெரியுமே, நான் கண் பரிசோதிக்கிற ஆள். எழுத்து இல்லாத இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஜலால்


செம்பாக்கம்,
22 ஜூன் 2024

ஜலால்,

உள்ளே ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி.

ஜெயசீலியின் கையெழுத்து உனக்குத் தெரியும். "கடைசிக் கேள்வியில் இவர் எப்போதும் ஒரு 'ஆனால்' போடுவார். பொறு." கேள்வி ஆரம்பிக்கும் முன்பே இதை என் பக்கம் தள்ளிவிட்டாள். நீயும் நானும் பொது அறிவு இயர் புக்குகளையும் அட்லஸையும் உருப்போட்டுக்கொண்டிருந்தோம். கேள்வி கேட்கிற மனிதரையே அவள் படித்து வைத்திருந்தாள்.

நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். காரணம் மிகவும் சின்னது. அரையிறுதி முடிந்து தண்ணீர் குடிக்கப் போனபோது எதிரணியில் ஒருவன், "இன்னா பாஸ், மேடம் எழுதிக் குடுத்தாதான் விரல் ஆடுமா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரே ஒரு கேள்வியையாவது சீட்டு இல்லாமல் அடித்துக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்தது அந்தக் கேள்வி.

மேடையைவிட்டு இறங்கும்போது நீ, "எப்படிடா மச்சான்?" என்று கேட்டாய். "அவதான் பைகால்னு எழுதினா" என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்த்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பார்வைக்காகத்தான் முப்பது வருடமாக அவள்மேல் கோபமாக இருக்கிறேன்.

சீட்டு அட்லஸில், ஆப்பிரிக்காவின் பக்கத்தில் இருந்தது. சுஜிக்குக்கூடத் தெரியாது. ஏன் எறியவில்லை என்று கேட்பாய். சரியான விடை எழுதிய தாளை எறிய எந்தக் குவிஸ்காரனுக்கும் கை வராது.

இதை மலர்க் குழுவிடம் காட்டு. பிறகு பீர்க்கன்கரணைக்குப் போய் அவளிடம் கொடு. சீட்டு அவளுடையது. பட்டியலில் பெயர் வேண்டுமா வேண்டாமா என்று அப்போது அவள் சொல்லட்டும்; வேண்டும் என்றால் முதலிடத்தில் போடு. என்னைப் பத்தாவதாகப் போடு, அல்லது எடுத்துவிடு. பொன்னுரங்கம் விஷயத்தில் மட்டும் என் ஆட்சேபணை நீடிக்கிறது.

அன்று பொய் சொன்னது எட்மண்ட் என்று மலரில் தாராளமாக அச்சடித்துக்கொள். ஆனால் இந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று போடாதே. போட்டால் கூட்டத்தில் எவனாவது எழுந்து "எட்மண்ட் சாரின் பெருந்தன்மை" என்று ஆரம்பிப்பான். நீங்கள் எல்லோரும் கைதட்டுவீர்கள். எனக்கும் அது பிடித்துப்போகும், என்னை எனக்குத் தெரியும். அவள் எழுதிய விடைக்கு மறுபடியும் என் பெயரில் புள்ளி விழும்.

கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்து பேனா கொஞ்ச நேரமாக நின்றுகொண்டிருக்கிறது. விரல் துடிக்கிறது. ஆனால் இந்த ஒரு தடவை நான் அழுத்தப்போவதில்லை. தபால் பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது. பெயர் போடாமலே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.