கெளுத்தி மீனும் காலேசு காயிதமும்

ஆனி பத்து, திங்கக்கெழம, ராத்திரி.

கோவம் இன்னும் அடங்கல. மதுரைக் காலேசுல சேரணும்னா, பொழுதுபோக்கா என்ன செய்வேன்னு இங்கிலீசுல ஒரு பக்கம் எழுதி அனுப்பணுமாம். எம்மக ராசாத்தி வெத்தலக் கொடிக்கால் வாய்க்கால்ல தூண்டி போடுறத எழுதுனா. முள்ளு குத்தாம கெளுத்தியப் புடிக்கிற விதத்த எழுதி, எனக்கும் அர்த்தம் சொன்னா. அந்த முள்ளு எனக்கு ஒருக்கா குத்தி மூணு நாளு கை வீங்கிக் கெடந்துச்சு. அது வேற கதை.

மத்தியானம் எம்பொண்டாட்டி தம்பி வந்தான். மதுரைக் கோரிப்பாளையத்துல குமாஸ்தா. ராசாத்தி புடிச்ச மீனுக் கொழம்ப ரெண்டு தரம் ஊத்தித் தின்னான். கைய கழுவிட்டு அந்தக் காயிதத்தப் படிச்சான். நாலாக் கிழிச்சுப் போட்டான்.

"பொம்பளப்புள்ள மீன் புடிக்கிறான்னா எடம் குடுப்பாகளா மச்சான்? பூத்தையல் போடுவேன்னு எழுதச் சொல்லுங்க."

"அவளுக்கு ஊசில நூல் கோக்கவே வராதே மாப்ள."

"ஒங்களுக்கு என்ன தெரியும்?"

தாய்மாமனாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன். என்னையத்தான் செருப்பால அடிக்கணும்.

அவன் ரயிலுக்குப் போனதும், துண்டுகளப் பெறக்கிச் சோத்துப் பருக்கையால ஒட்டுனேன். இங்கிலீசு நான் எங்க கண்டேன்? தமிழ் எழுத்தே போன வருசம் ராசாத்தி சொல்லிக் குடுத்தது.

அவ பாத்துட்டு, "ஒரு துண்டு தலகீழா இருக்குய்யா"ன்னா. வெளக்கத் தம்பக்கம் இழுத்துப் புதுத்தாள் எடுத்தா.

"பூத்தையலா?"ன்னேன்.

"கெளுத்திதான். மாமா ரெண்டு தரம் ஊத்துனதையும் சேத்து எழுதுறேன்."

வெளக்கு அவகிட்ட இருக்கு. எனக்கு இங்க இதுக்கு மேல எழுத வெளிச்சம் பத்தல.